ஒரு டிகிரி அசைவு: கைகால் எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது?

பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் வேலையில் கணக்கெல்லாம் மில்லிமீட்டரில்தான். ஒரு சீவலில் போகும் பட்டை சுமார் 1.5 மி.மீ. பால் அதிகம் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டிய வளர்படைக்கு (புதுப்பட்டையை உருவாக்கும் மெல்லிய அடுக்குக்கு) அருகே இருக்கின்றன. அதனால் உளி ஆழமாகப் போக வேண்டும். ஆனால் வளர்படைக்கு வெளியே ஒரு மில்லிமீட்டராவது பட்டையை விட்டுவைக்கவும் வேண்டும். அதையும் தாண்டி உளி மரத்தைத் தொட்டால் காயம்தான். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அதே பட்டைக்குத் திரும்பி வரும்போது உளி ஒழுங்காக ஓடாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்த வேலையை விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து வந்தார்கள்.

இதில் கண் ஓரளவுக்குத்தான் உதவும். உளியின் வாய் பட்டைக்குள் இருக்கிறது. எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பட்டை தரும் எதிர்ப்பும், விரலில் படும் அதிர்வும், மணிக்கட்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்ற உணர்வும்தான் சொல்கின்றன. இந்தக் கட்டுரை கடைசியாகச் சொன்ன அந்த உணர்வைப் பற்றியது. கையோ காலோ விரலோ கொஞ்சம் அசைந்தாலும் பார்க்காமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு சிறிய அசைவுவரை தெரியும்? எதனால் தெரிகிறது? எப்போது தெரியாமல் போகிறது?

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது இந்த உணர்வுக்குத் தனி இடம் கிடைப்பதில்லை. ஆனாலும் தமிழில் ஒரு வசதி உண்டு. மெய் என்றால் தோல் மட்டுமில்லை, முழு உடம்பும்தான். இந்த உணர்வையும் அதற்குள் அடக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது 19-ஆம் நூற்றாண்டில். மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை போவது மட்டுமல்ல, தசையிலிருந்து மூளைக்குச் செய்தியும் திரும்பி வருகிறது, இது ஒரு வட்டம் என்று 1826-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் எழுதினார். 1906-ல் ஆங்கில உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் அதற்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். ‘தன்னைத் தானே உணர்தல்’ என்று அதைச் சொல்லலாம். இங்கே நாம் இரண்டு எளிய சொற்களை வைத்துக்கொள்வோம்: அசைவுணர்வு, நிலையுணர்வு. முதலாவது, கை அசைகிறதா என்பது. இரண்டாவது, கை இப்போது எங்கே இருக்கிறது என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நுணுக்கம் ஒன்றல்ல. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு?

சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 டிகிரி நகர்கிறது. அப்படியானால் பத்து விநாடியில் ஒரு டிகிரி. இதை உடம்பில் வைத்துப் பார்ப்போம். முழங்கையை மடக்காமல் நீட்டிய கை, தோளிலிருந்து உள்ளங்கைவரை சுமார் 60 செ.மீ. தோள் ஒரு டிகிரி திரும்பினால் உள்ளங்கை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகரும். விரலின் கடைசிக் கணு 2.5 செ.மீ. நீளம், அது ஒரு டிகிரி மடங்கினால் நுனி நகர்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. செம்பனை உயரமாக வளர்ந்தபின் குலை வெட்ட 6 மீட்டர் கம்பைப் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்தக் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தால் நுனியில் இருக்கும் அரிவாள் 10 செ.மீ. விலகிப் போகும். அதனால்தான் நீளக் கம்பில் கண் முந்திக்கொள்கிறது, குட்டை உளியில் கை முந்திக்கொள்கிறது.

1889-ல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் கோல்ட்ஷைடர் ஒவ்வொரு மூட்டாக எடுத்து, வெளியிலிருந்து மெல்ல அசைத்து, ‘இப்போது தெரிகிறது’ என்று ஆள் சொல்லும் அளவைக் குறித்துவைத்தார். தோள்மூட்டில் அரை டிகிரிக்கும் குறைவான அசைவே தெரிந்துவிட்டது. பொதுவாக, உடம்பின் நடுப்பகுதிக்கு அருகில் உள்ள பெரிய மூட்டுகள் டிகிரிக் கணக்கில் கூர்மையானவை. விரல் மூட்டுகள் அந்தக் கணக்கில் மந்தமானவை.

இதைக் கேட்டதும் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். நுணுக்கமான வேலையெல்லாம் விரல்தானே செய்கிறது? காரணம் நெம்புகோல் கணக்கில் இருக்கிறது. முழங்கையை மடக்கும் தசையின் நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற பகுதி), மூட்டின் அச்சிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி எலும்பை இழுக்கிறது. மூட்டு ஒரு டிகிரி திரும்பினால் அந்தத் தசை சுமார் 0.7 மி.மீ. நீளும் அல்லது சுருங்கும். விரலின் கடைசி மூட்டில் நாண் அச்சிலிருந்து அரை சென்டிமீட்டர்கூடத் தள்ளி இல்லை. அங்கே ஒரு டிகிரிக்குத் தசை மாறும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உணர்வது தசை. தசைக்கு டிகிரி தெரியாது, தன் நீளம் எத்தனை பங்கு மாறியது என்பதுதான் தெரியும். 1983-ல் ஹால், மெக்லாஸ்கி என்ற இருவர் தோள், முழங்கை, விரல் மூன்றையும் அளந்து, டிகிரியை விட்டுவிட்டுத் தசைநார் (தசையை ஆக்கும் மெல்லிய இழை) எத்தனை பங்கு நீண்டது என்று கணக்கிட்டார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே கூர்மைக்கு வந்துவிட்டன. விரல் மந்தம் என்பது அளவுகோலால் வந்த தோற்றம். நுனி நகர்ந்த தூரத்தைப் பார்த்தால் விரல்தான் முதலிடம்.

வேகம் இல்லாவிட்டால் உணர்வு இல்லை

‘மனிதனால் எத்தனை டிகிரி அசைவை உணர முடியும்?’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவர் பாதியைத்தான் சொல்கிறார். எவ்வளவு வேகத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். விநாடிக்கு பத்து டிகிரி, அதற்கு மேலான வேகத்தில் மூட்டு அசைந்தால் மிகச் சிறிய அசைவும் பிடிபடும். விநாடிக்கு ஒரு டிகிரி என்று மெதுவானால், அதே மூட்டு பல மடங்கு அதிகமாக நகர்ந்த பிறகுதான் ‘ஏதோ அசைகிறது’ என்று தெரியும். மணி முள்ளின் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு அரை டிகிரியில், விரலை யாராவது மடக்கினால் அசைகிற உணர்வே வராது. பல டிகிரி போன பிறகு, ‘என் விரல் முதலில் இப்படி இல்லையே’ என்று மட்டும் தோன்றும். அசைவை உணராமலே நிலை மாறியது தெரியவருகிறது. இரண்டும் தனித்தனி உணர்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று. ‘அசைந்தது’ என்று தெரிவதற்கும் ‘மேலே போனது’ என்று தெரிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. மிகச் சிறிய அசைவில் முதலாவது மட்டும் தெரியும். திசை தெரிய இன்னும் கொஞ்சம் நகர வேண்டும். வீட்டில் சோதித்துப் பார்ப்பவர்கள் இதை அறியாமல், திசையைத் தவறாகச் சொன்னதும் ‘உணர்வே இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

செய்தி எங்கிருந்து வருகிறது

தசைக்குள், தசைநார்களுக்குப் பக்கத்திலேயே, சில மில்லிமீட்டர் நீளத்தில் நூற்புக் கதிர் வடிவத்தில் ஓர் உறுப்பு இருக்கிறது. நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்திருப்பதால் தசைக்கதிர் என்று பெயர். அதன் நடுப்பகுதியைச் சுற்றி நரம்பு நுனி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். தசை நீண்டால் கதிரும் நீளும், சுருள் விரியும், நரம்பு துடிப்புகளை அனுப்பும். இந்தச் சுருள் நரம்பு எவ்வளவு நீண்டது என்பதைவிட எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதற்கே பெரிதாகப் பதில் சொல்கிறது. மெதுவான அசைவு நழுவிப் போவதற்குக் காரணம் இதுதான். இதே கதிரில் இரண்டாம் வகை நரம்பு ஒன்றும் உண்டு. அது வேகத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல் முக்கியமாக நீளத்தைச் சொல்லும்.

உடம்பு முழுவதும் பல பத்தாயிரம் கதிர்கள் இருக்கின்றன, ஆனால் சமமாகப் பரவியிருக்கவில்லை. கழுத்துத் தசைகளிலும் கையின் சிறு தசைகளிலும் நெருக்கமாக இருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் நரம்புகள் உடம்பிலேயே வேகமான வகையைச் சேர்ந்தவை. விநாடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, காலிலிருந்து முதுகுத்தண்டுவரை உள்ள ஒரு மீட்டர் தூரத்தைச் செய்தி கடக்க விநாடியில் அறுபதில் ஒரு பங்கு போதும்.

கதிருக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் சிறு தசைநார்கள் உண்டு. மூளை அவற்றைத் தனியாக இறுக்க முடியும். இசைக் கருவியின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போல என்று நினைத்துக்கொள்ளலாம். தொய்ந்த தந்தியில் ஓசை வராது. தசையை லேசாக முறுக்கி வைத்திருக்கும்போது கதிரும் இறுகி நிற்கும், சிறு அசைவும் பிடிபடும். உளியைத் தளரப் பிடித்தால் உணர்வு குறைகிறது. அதற்காக முஷ்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால் வேறு கேடு வரும்: தசை எவ்வளவு பலமாக இயங்குகிறதோ அவ்வளவுக்குக் கையின் நடுக்கமும் தடுமாற்றமும் பெருகும். எல்லார் கையிலும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை மெல்லிய நடுக்கம் இருக்கத்தான் செய்கிறது. இறுக்கிப் பிடித்தால் அது வெளியே தெரிய ஆரம்பிக்கும். பிடியில் உயிர் இருக்க வேண்டும், முறுக்கு இருக்கக் கூடாது. மரம் சீவுவதற்கு மட்டுமல்ல, ஊசியில் நூல் கோப்பதற்கும் சிலம்பம் சுற்றுவதற்கும் அதே கணக்குதான்.

தசைக்கதிரோடு இன்னும் மூன்று பேர் கூட்டு. தோல் முதலாவது: விரல் மடங்கும்போது கணுவின் மேல்தோல் இழுபடுவதையும் மூளை அசைவாக எடுத்துக்கொள்கிறது. விரலில் இதன் பங்கு பெரிது. இரண்டாவது, தசைநாணில் இருக்கும் உணரி. அது நீளத்தை அல்ல, இழுவிசையைச் சொல்கிறது. மூன்றாவது, மூட்டின் உறையில் இருப்பவை. இவை முழுக்க மடங்கும்போதும் முழுக்க நீளும்போதும்தான் அதிகம் பேசும். நடுவில் பெரும்பாலும் மௌனம். வெகுகாலம் மூட்டு உணரிகளே எல்லாவற்றையும் சொல்கின்றன என்று நம்பப்பட்டது. ஆனால் இடுப்பு மூட்டை உறையோடு எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கும் கால் அசைவது நன்றாகவே தெரிந்தது. மூட்டுதான் முழுக் காரணம் என்றால் அவர்களுக்கு உணர்வே இருந்திருக்கக் கூடாது.

நரம்பு நுனியில் இழுப்பை மின்துடிப்பாக மாற்றுவது பியெசோ2 என்ற புரதம். பியெசோ புரதங்களை 2010-ல் ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே இந்தப் புரதம் வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். கண்ணைக் கட்டினால் அவர்களால் நடக்க முடிவதில்லை, நீட்டிய கை எங்கே போகிறது என்றும் தெரிவதில்லை.

முடிவெட்டும் மெஷினை வைத்து ஒரு சோதனை

தசைக்கதிர்தான் பேசுகிறது என்பதை ஐயமறக் காட்டியது 1972-ல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் ஆகியோர் செய்த ஆய்வு. தசைநாணின் மேல் விநாடிக்கு நூறு தடவை அதிரும் கருவியை வைத்தார்கள். அசையாத கை அசைவதாக ஆட்கள் சொன்னார்கள். அதிர்வு கதிரின் சுருளைக் கிளப்பிவிடுகிறது. தசை நீள்கிறது என்று மூளை படித்துக்கொள்கிறது.

நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் சுவரில் செருகி ஓட்டும், ஒயர் வைத்த பழைய மெஷின் இருக்கும். உள்ளே காந்தச் சுருள் வைத்த வகை அது. மலேசிய மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. இந்த வகை மெஷின் அதற்கு இரு மடங்காக, விநாடிக்கு 100 தடவை அதிரும். தேவையான வேகம் அதுவேதான். பேட்டரி மெஷினில் வேகம் வேறு, அது வேண்டாம். கண்ணை மூடி, முழங்கையை மேசைமேல் ஊன்றி, முன்கையைச் செங்கோணமாக மடக்கி, இன்னொருவர் மணிக்கட்டை லேசாகத் தாங்கிக்கொள்ளட்டும். முழங்கை மடிப்பில் கெட்டியாகத் தட்டுப்படும் நாணின்மேல், பிளேடு இல்லாத முதுகுப்பக்கத்தை வைத்து மிதமாக அழுத்துங்கள். 20 விநாடி பொறுங்கள். மடக்கு விரிந்து முன்கை மெல்ல நீள்வது போலத் தோன்றினால், எவ்வளவு நீண்டதோ அதை மறுகையால் காட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறக்கலாம். இரு கைக்கும் உள்ள வித்தியாசம் சிரிப்பை வரவழைக்கும்.

எல்லாருக்கும் வராது. வராததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: கையைத் தளர விடாதது, நாணை விட்டுத் தசையின் சதையில் வைத்தது, இடையில் கண்ணைத் திறந்தது. பார்த்த கணத்தில் மயக்கம் கலைந்துவிடும், ஏனென்றால் கண் சொல்வதை மூளை அதிகம் நம்புகிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

1988-ல் ஜேம்ஸ் லாக்னர் இதையே ஒரு படி மேலே கொண்டுபோனார். மூக்கு நுனியைப் பிடித்திருக்கும் கையின் இருதலைத் தசையை (முழங்கையை மடக்கும் தசையை) அதிரவைத்தார். மடங்கிய கை விரிந்து நீள்வதாகத் தோன்றுகிறது, ஆனால் விரல் மூக்கை விடவில்லை. அப்படியானால் மூக்குதான் நீள வேண்டும் என்று மூளை கணக்கை முடித்தது. ஆட்கள் தம் மூக்கு ஓர் அடி வளர்ந்ததாகச் சொன்னார்கள்.

வீட்டில் அளப்பது எப்படி

விரலின் கடைசிக் கணுவை எடுத்துக்கொள்வோம். இருவர் வேண்டும். சோதிக்கப்படுபவர் கையை மேசைமேல் வைத்துக் கண்ணை மூடட்டும். மற்றவர் ஒரு கையால் நடுவிரலின் நடுக்கணுவைப் பிடித்து அசையாமல் நிறுத்தி, மறுகையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கடைசிக் கணுவை இரு பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் சோதனை கெட்டது: மேலே தூக்கும்போது அடியில் அழுத்தம் படும், அதை வைத்தே திசையைச் சொல்லிவிடுவார். இந்த ஒரு தவறுதான் அதிகம் நடக்கிறது, கிளினிக்கிலும்கூட.

நுனியை 2 மி.மீ. மேலே அல்லது கீழே, அரை விநாடியில் நகர்த்துங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி முதலில் பழகிக்கொள்ளுங்கள்; நினைப்பதைவிட அது சின்ன அளவு, கோணத்தில் சுமார் 4.6 டிகிரி. அசைவுக்கும் அசைவுக்கும் நடுவே 2 முதல் 5 விநாடிவரை ஒழுங்கில்லாமல் இடைவெளி விடுங்கள். தாளம் பிடித்துவிட்டால் எப்போது வரும் என்று ஊகித்துவிடுவார்கள். பத்து அசைவு, எந்த வரிசையில் மேலே, எதில் கீழே என்று முன்கூட்டியே காசு சுண்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவே மூன்று தடவை அசைக்காமலேயே ‘இப்போது?’ என்று கேளுங்கள். அப்போதும் ‘அசைந்தது’ என்று அடித்துச் சொல்பவர் ஊகத்தில் ஓடுகிறார். சோதிப்பவர் கையில் வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள், அதன் ஓசையே விடையைச் சொல்லிக் கொடுக்கும். பக்கத்து விரல்கள் உரசக் கூடாது.

பத்தில் ஐந்து சரி என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலும் வரும். எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வர வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு. ஒன்பதோ பத்தோ வர நூற்றுக்கு ஒன்றுதான். ஒன்பதோ பத்தோ சரியாக இருந்தால் உணர்வு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதே 2 மில்லிமீட்டரை ஐந்து விநாடி எடுத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முன்பு பத்துக்குப் பத்து சொன்னவரும் தடுமாறுவார்.

நிலையுணர்வை அளக்க வேறு வழி. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, கண்ணை மூடி, மற்றவர் இடது முன்கையை ஏதோ ஒரு சாய்வில் நிறுத்தட்டும். வலது கையை அதே சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். இரு மணிக்கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள்; 25 செ.மீ. முன்கைக்கு ஒரு சென்டிமீட்டர் விலகல் என்பது சுமார் 2.3 டிகிரி. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களும் சில டிகிரி தவறுவார்கள். முழங்கை அசைவது அதைவிட எத்தனையோ நுணுக்கமாகத் தெரிந்த அதே ஆளுக்கு, கை எங்கே இருக்கிறது என்பதில் இவ்வளவு பிழை! இன்னொரு வேடிக்கை: அளப்பதற்கு முன் இடது கையை நன்றாக மடக்கி ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்திவிட்டு ஒரு தடவை, நீட்டி இறுக்கித் தளர்த்திவிட்டு ஒரு தடவை. பிழை எதிரெதிர்ப் பக்கம் சாயும். கதிரின் நார்கள் கடைசியாக இறுகிய நீளத்தை நினைவில் வைத்திருப்பது போல நடந்துகொள்வதால் வருவது இது. கடுமையாக உழைத்துக் களைத்த கையிலும் இந்தப் பிழை கூடும்.

நிற்பதற்கும் இதுவே

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு கணுக்காலை அச்சாக வைத்து முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக ஒரு டிகிரிக்குள்தான். அந்த ஆட்டத்தைப் பிடிப்பதில் கண்ணையும் உள்காதையும்விடக் கால் கூர்மையானது. காவடி எடுப்பவர், தலைக்கு மேல் காவடி சாய்வதைத் தலையில் உணர்வதில்லை. கெண்டைக்கால் தசையிலும் பாதத்திலும்தான் முதலில் உணர்கிறார்.

இந்த உணர்வு முழுதாகப் போனால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்துக்காரர் இயன் வாட்டர்மேன் விஷயத்தில் மருத்துவ உலகம் பார்த்தது. 1971-ல், 19 வயதில், ஒரு கிருமிக் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் அசைவுணர்வும் நிலையுணர்வும் போயின. தசையில் பலம் அப்படியே இருந்தது, வலியும் சூடும் தெரிந்தன. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்யக் கற்று, பல மாதங்களுக்குப் பிறகு நடந்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

அவ்வளவு முழுமையான இழப்பு மிக அரிது. நம் வீடுகளில் நடப்பது மெதுவான இழப்பு, அதுவும் பாதத்திலிருந்து தொடங்கி. மிக நீளமான நரம்புகள் கால்விரலுக்குப் போகின்றவை என்பதால் இனிப்புநீர் (நீரிழிவு) முதலில் அங்கே கைவைக்கிறது. இன்னொரு காரணம் பி12 உயிர்ச்சத்துக் குறைவு. அது முதுகுத்தண்டின் பின்பக்கத்தில் அசைவுணர்வு மேலே போகும் பாதையையே சிதைக்கும். பால், முட்டைகூட அதிகம் சேர்க்காத சைவர்களும், இனிப்புநீருக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் மாத்திரை எடுப்பவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பி12 குறைவு இரத்தப் பரிசோதனையில் தெரியும். சீக்கிரம் கண்டால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம்; தண்டுவடம் நாள்பட்டுக் கெட்டபின் முழுக்கத் திரும்பாமல் போகலாம்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காலைக் காட்டும்போது மூன்று சோதனைகள் நடக்கலாம்: 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவது, விநாடிக்கு 128 தடவை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைப்பது, பெருவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலும் கீழும் அசைப்பது. மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தவறலாம். முடிவு சரியில்லை என்றால், எது தவறியது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒப்பிட உதவும்.

வீட்டில் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. வெளிச்சத்தில் நன்றாக நடக்கும் பாட்டி, இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவரைத் தடவுகிறார். குழாயடியில் குனிந்து, சோப்பு எரியும் என்று கண்ணை மூடி முகம் கழுவும்போது முன்னால் தள்ளாடுகிறார். தலைசுற்றல் என்று நினைத்துவிடுவார்கள். கண் மூடியதும் வந்து, திறந்ததும் போய்விடும் தள்ளாட்டம் என்றால் காலின் உணர்வைச் சந்தேகிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்த சோதனையும் இதுதான்: பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, முதலில் கண் திறந்து 30 விநாடி, பிறகு மூடி 30 விநாடி. செய்து பார்ப்பதானால் சுவர் மூலையில், கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கண் திறந்திருக்கும்போதே ஆடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வேறு காரணமாக இருக்கலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, உட்கார்ந்து முகம் கழுவச் சொல்லுங்கள். நின்றுதான் கழுவுவேன் என்றால் ஒரு கை தொட்டியின் விளிம்பிலோ சுவரிலோ இருக்கட்டும். பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. விரல் நுனி லேசாகத் தொட்டாலே ஆட்டம் குறையும், காலிலிருந்து வராத செய்தி கைவழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறது. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு எரியட்டும். தளர்ந்த ஜப்பான் சிலிப்பரை மாற்றி, குதிகாலைப் பிடிக்கும், அடி மெல்லிய செருப்பு வாங்கிக் கொடுங்கள். மெத்து மெத்தென்ற தடித்த அடி காலுக்குச் சுகம்தான், ஆனால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியை அது விழுங்கிவிடும்.